கற்றுக்கொடுப்பவரின் நாள்கூலி

ஒரு வீட்டின் கூரையில் மூன்று கிலோவாட் சோலார் பேனல் பொருத்தினால் மத்திய அரசு அந்த வீட்டுக்காரருக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதே பேனலைப் பொருத்தும் தொழிலை ஓர் இளைஞர் தொழிற்பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாகச் சேர்ந்து கற்றுக்கொண்டால், அவருக்கான உதவித்தொகையில் அரசின் பங்கு நான்கில் ஒன்று. அதுவும் மாதத்திற்கு 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. இந்த இரண்டு தொகைகளும் இரண்டு வெவ்வேறு அமைச்சகங்களின் கணக்கில் இருப்பதால் யாரும் அவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. எழுதிப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் தொகை கூடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்காரர்களுக்கு அந்த ஊக்கம் தேவை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் இல்லாவிட்டால் எங்கள் தெருவில் இத்தனை கூரைகள் மாறியிருக்காது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் என்று திட்டமிட்ட ஓர் அரசு, அந்தக் கூரைகளில் ஏறப்போகும் கைகளை யார் பழக்குவார்கள், அதற்கு யார் செலவு செய்வார்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவாக ஒதுக்குகிறது என்பதே என் ஆதங்கம்.

அந்தக் கால் பங்கைத் தரும் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் 2016 ஆகஸ்டில் வந்தது. அதன் பின்னணியில் இருப்பது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயமாகப் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும்; நான்கு பேருக்குக் குறைவான நிறுவனம் சேர்க்கவே முடியாது; இடைப்பட்டவர்கள் விரும்பினால் சேர்க்கலாம். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,700 ரூபாய். இதை உயர்த்த வேண்டும் என்று மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. இதற்குப் பக்கத்திலேயே பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. தென்மாநிலங்களுக்கு அதை நடத்தும் வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையின் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஆக, அலுவலகத்தில் அமர்ந்து வரைபடம் போடும் பொறியியல் பட்டதாரிக்கு அரசின் பங்கு பாதி. வெயிலில் கூரையில் நின்று அந்த வரைபடத்தின்படி கம்பி இழுக்கும் ஐடிஐ இளைஞருக்குக் கால் பங்கு, அதற்கும் ஓர் உச்சவரம்பு. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடி

என் அக்கா வீட்டில் பேனல் பொருத்த மூன்று பேர் வந்தார்கள். இருவர் இளைஞர்கள், அவர்கள் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வயரிங் வேலை பார்த்துவிட்டு, கடந்த சில ஆண்டுகளாகச் சோலாருக்கு மாறியவர். இளைஞர்களில் ஒருவன் அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாண்டு படித்துச் சான்றிதழ் வாங்கியவன். ஆனால் அந்தக் கூரையில் அவன் பெயர் ஹெல்பர். நாளுக்கு 700 ரூபாய் கூலி, வேலை இருந்தால் மட்டும். அப்ரண்டிஸாகச் சேர்ந்தாயா என்று கேட்டேன். "ஏழாயிரத்துச் சொச்சம் தருவாங்க சார், வீட்டுல கட்டுப்படியாகாது" என்றான். மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தால் அவன் கையில் வருவது 17,500 ரூபாய். ஓராண்டு முறையாகக் கற்பதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை, தன் வருமானத்தில் பாதிக்கும் மேல். இதை அறிந்த பிறகு, இளைஞர்களுக்குத் தொழில் கற்கும் ஆர்வமே இல்லை என்று மேடைகளில் பேசுபவர்களை என்னால் பொறுமையாகக் கேட்க முடியவில்லை.

பேனல்கள் ஆறும் வரிசையாக இணைக்கப்பட்டு, இன்வெர்ட்டரை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நடுப்பகல். ஏதோ ஓர் அளவு எதிர்பார்த்தபடி வரவில்லை. பேனல்களுக்கு அடியில் குனிந்திருந்த அந்த இளைஞன், சந்தேகப்பட்ட இணைப்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்று இரண்டு கைகளாலும் கனெக்டரைப் பிடித்தான். "லே, கையை எடு!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் கீழ்வீட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியே போய் டிசி ஐசொலேட்டரை (பேனலிலிருந்து வரும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு வந்து, அவனைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார வைத்துச் சொன்னார். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் விநாடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அதனால் சுவிட்சில் பொறி எழுந்தாலும் தானாக அணைந்துவிடும். பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரத்துக்கு அந்தச் சுழியம் கிடையாது. மின்னோட்டம் ஓடும்போது கனெக்டரைப் பிரித்தால், பிரிந்த இரு முனைகளுக்கும் நடுவில் தீ நின்று எரியும், கையைக் கருக்கும். ஆறு பேனல் வரிசையில் ஏறத்தாழ முந்நூறு வோல்ட் இருக்கிறது. வெயில் இருக்கும்வரை அந்த வோல்டேஜை அணைக்க மேலே சுவிட்ச் ஏதும் இல்லை. மின்னோட்டத்தைத்தான் நிறுத்த முடியும்.

அதோடு அவர் விடவில்லை. மிச்சமிருந்த கேபிள் துண்டு ஒன்றை எடுத்து, மேலுறையை ஒரு விரல்நகத்தின் அளவுக்குச் சீவி, உள்ளிருக்கும் வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளில் ஒன்றுகூட அறுபடாமல் கனெக்டரின் உலோகப் பின்னுக்குள் செலுத்தி, கிரிம்பிங் கருவியில் வைத்து அழுத்தி, கனெக்டருக்குள் 'டிக்' என்ற ஓசை வரும்வரை தள்ளி, பிறகு இழுத்துப் பார்த்துக் காட்டினார். அவனைச் செய்யச் சொன்னார். முதல் முறை இரண்டு இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "இது இன்னைக்கு ஓடும்லே. ரெண்டு வருசத்துல சூடேறி உருகும். அப்ப நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன், அந்த வீட்டுக்காரங்க இருப்பாங்க" என்றார். மறுபடி செய்யச் சொன்னார். நான்காவதோ ஐந்தாவதோ சரியாக வந்தது. நான் பார்த்த மிகச் சிறந்த வகுப்புகளில் அது ஒன்று என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்.

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. அடுத்த வீட்டில் ஸ்ட்ரக்சர் (பேனலைத் தாங்கும் சட்டம்) இறக்கியாகிவிட்டது, எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். பேசி முடித்துவிட்டு எழுந்தவர், கேபிள் துண்டுகளைப் பொறுக்கியபடி என்னிடம் சொன்னார்: "எங்களுக்குக் கிலோவாட்டுக்கு இவ்வளவுன்னுதான் சார் கூலி. பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தா அன்னைக்கு வேலை முடியாது. முடியலைனா குறையுறது என் காசு." குறை சொல்லும் தொனி அதில் இல்லை, உள்ளதைச் சொன்னார்.

தொழிற்கல்விக்கான அரசு நிதி என்று அதுவரை நான் எண்ணியதெல்லாம் மாணவனின் பக்கத்திலிருந்துதான். கட்டணம், உதவித்தொகை, சீருடை, சான்றிதழ். கற்றுக்கொடுப்பவரின் அரைமணி நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை இப்போது அந்த மூத்த தொழிலாளி தன் கூலியிலிருந்து கொடுக்கிறார் என்பது அந்த மாடியில்தான் எனக்கு உறைத்தது. சட்டத்திலும் திட்டத்திலும் தேடிப் பார்த்தால் பழகுநர் இருக்கிறார், நிறுவனம் இருக்கிறது, பயிற்சி மையம் இருக்கிறது. பக்கத்தில் நின்று 'கையை எடு' என்று சொல்கிறவருக்கு அங்கே ஒரு ரூபாய்கூட எழுதப்படவில்லை.

குறுகிய பயிற்சிக்குக் கிடைத்த பணம்

இந்தத் துறையில் அரசு பயிற்சிக்குச் செலவே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2015இல் சூரியமித்ரா திட்டம் தொடங்கியது. குருகிராமில் உள்ள தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனம் அதை நடத்தியது. 600 மணி நேரம், ஏறத்தாழ மூன்று மாதம், தங்குமிடமும் உணவும் இலவசம். ஐம்பதாயிரம் பேர் என்ற இலக்கை அது எட்டியது. ஆனால் 2022இல் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கின்படி அவர்களில் வேலை கிடைத்தவர்கள் பாதியளவினர்தான். காற்றாலைக்கு இதே போன்ற வாயுமித்ரா பயிற்சியைச் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் தருகிறது. ஐடிஐகளில் சோலார் டெக்னீஷியன் என்ற ஓராண்டுப் பிரிவு வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனமாக்கியது. அந்தக் கூடங்களைப் பார்த்தவர்கள் அது வீண்செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

இவை எல்லாமே கூரைக்கு வெளியே நடக்கும் பயிற்சிகள். வகுப்பறையில் பேனலை மேசைமேல் வைத்துச் சொல்லித்தர முடியும். சாய்ந்த ஓட்டுக்கூரையில் எங்கே கால் வைப்பது, ஆடிக்காற்றில் பேனலை இருவர் எப்படிப் பிடிப்பது, பழைய வீட்டின் தளத்தில் எந்த இடத்தில் துளையிட்டால் மழைநீர் இறங்கும், எர்த் குழியின் மண் சரியில்லை என்பதை எப்படி அறிவது என்பவற்றுக்கு மேசை உதவாது. மூன்று மாதம் படித்தவனுக்கு அடுத்த ஒன்பது மாதம் ஒரு மூத்தவரின் பக்கத்தில் நிற்கக் கிடைத்திருந்தால் அந்த வேலை கிடைக்காத பாதிப்பேரின் கதை வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். நிறுவனங்கள் கேட்பது அனுபவம். அனுபவம் பெறும் காலத்துக்கு நிதி இல்லை. வகுப்பறைக்குப் பணம் கொடுப்பது அரசுக்கு எளிது: எத்தனை பேர் அமர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்று எண்ணிவிடலாம். நூறு சிறு ஒப்பந்தக்காரர்களிடம் ஆளுக்கொருவராகப் பிரிந்து நிற்கும் பழகுநர்களை எண்ணுவது கடினம். கடினமானதால்தான் அரசு செய்ய வேண்டியிருக்கிறது.

முப்பந்தல் சொல்லும் பழைய கணக்கு

சோலாருக்கு முன்பே தமிழ்நாடு இந்த வழியில் நடந்திருக்கிறது. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் நின்றன. தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் நிறைந்தன. பின்னர் கயத்தாறு, பல்லடம், உடுமலை, தேனி. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இதை நகர்த்தியது பொதுப்பணம்தான். முதல் ஆண்டிலேயே இயந்திரத்தின் விலை முழுவதையும் தேய்மானமாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்ததால், நூற்பாலை முதலாளிகளும் சிமெண்ட் நிறுவனங்களும் காற்றாலை வாங்கினார்கள். அந்தச் சலுகையோடு, வாங்குகிறவர் இத்தனை உள்ளூர் இளைஞர்களைப் பழக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை சேர்ந்திருக்கலாம். சேரவில்லை.

பழக்கியவர்கள் பழக்கினார்கள். என் சித்தப்பா மகன் அப்படித்தான் கற்றான்: காற்றுக் காலம் முடிந்து பராமரிப்பு தொடங்கும் மாதங்களில் ஒரு மூத்த டெக்னீஷியனின் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கோபுரம் ஏறினான், போல்ட் முறுக்கும் வேலை முதலில், கியர்பாக்ஸ் எண்ணெய் பிறகு, மின்கட்டுப்பாட்டுப் பெட்டி கடைசியில். எந்தப் பதிவிலும் அவன் பெயர் பழகுநர் என்று இல்லை. அதனால் விழுந்திருந்தால் இழப்பீடும் இல்லை; தொழிற்பழகுநர் சட்டத்தின் 16ஆம் பிரிவு பயிற்சியில் காயமடையும் பழகுநருக்கு நிறுவனமே பொறுப்பு என்கிறது, ஆனால் ஒப்பந்தம் பதிவானவனுக்குத்தான் அந்தப் பிரிவு. இப்போது 2024இல் வந்த மாநிலக் கொள்கையின்படி அந்தப் பழைய சிறு இயந்திரங்களை இறக்கிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தப்போகிறார்கள். முப்பது ஆண்டு அனுபவம் கொண்ட அந்தத் தலைமுறை ஓய்வை நெருங்குகிறது. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒழுங்கான, ஊதியமுள்ள, காப்பீடுள்ள ஓராண்டை யாருக்காவது இந்த முறையேனும் வாங்கித் தர வேண்டாமா?

மானியத்தோடு கட்டிய கடமை

அமெரிக்கா 2022இல் கொண்டுவந்த சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வடிவம் உண்டு. பணவீக்கக் குறைப்புச் சட்டம் என்ற பொருந்தாத பெயரில் வந்த அது, சூரிய, காற்று மின் திட்டங்களுக்கு முதலீட்டில் 6 சதவீத வரிச்சலுகையை அடிப்படையாக வைத்தது; அந்தப் பகுதியில் நிலவும் கூலியைக் கொடுத்து, குறிப்பிட்ட அளவு வேலை நேரத்தைப் பதிவுபெற்ற பழகுநர்களுக்கு ஒதுக்கினால் அது 30 சதவீதமாகும் என்றது. பழகுநர்களின் பங்கு 10 சதவீதத்தில் தொடங்கி, 2024இலும் அதற்குப் பிறகும் கட்டுமானம் தொடங்கும் திட்டங்களுக்கு 15 சதவீதம். நான்கு பேரையோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் ஒரு பழகுநரையாவது வைத்திருக்க வேண்டும். 2025இல் வந்த அரசு இந்தச் சலுகைகளின் ஆயுளைப் பெருமளவு குறுக்கிவிட்டது; அரசியல் மாறும். ஆனால் பயிற்சிக்கென்று தனியே ஒரு சிறு நிதியை ஒதுக்கிவிட்டு ஒதுங்காமல், பெரும் பணம் போகும் வாசலிலேயே பயிற்சியை நிபந்தனையாக வைத்த அந்த அணுகுமுறை சரியானது.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு மெகாவாட்டுக்குக் குறைந்த திட்டங்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. அதாவது வீட்டுக் கூரைகள் முழுவதும் வெளியே. நம் பிரச்சினை இருப்பதோ அங்கேதான். ஐந்து பேர், எட்டுப் பேர் வைத்து வேலை செய்யும் சிறு நிறுவனங்கள். இவர்களுக்கு ஜெர்மனியின் கைவினைத் தொழில்களில் ஓர் ஏற்பாடு பொருந்தும் என்று தோன்றுகிறது. அங்கே மின்பணியாளராக மூன்றரை ஆண்டு பழகும் இளைஞர் சம்பளம் வாங்குவது சிறு நிறுவனத்திடம். அந்த நிறுவனத்தால் தனியே கற்றுத்தர முடியாத பகுதிகளைக் கைவினைச் சபைகளின் பொதுப் பயிற்சிக்கூடங்கள் கற்றுத்தருகின்றன. அந்தக் கூடங்களின் செலவில் மத்திய, மாநில அரசுகளுக்குப் பங்கு உண்டு. புதுப்பித்த 71 ஐடிஐகளை நாம் அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம்: வாரத்தில் ஒரு நாள் ஐடிஐ, மற்ற நாள்கள் கூரை.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்காக நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு 1,000 ரூபாய் வீதம் பயிற்சிக்கென ஒதுக்கினால் ஒரு கோடி வீடுகளுக்கு 1,000 கோடி ரூபாய். மொத்தத் திட்டத்தொகையில் அது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. ஐடிஐ முடித்த ஒருவருக்கு மாதம் 7,700 வீதம் ஓராண்டு முழு உதவித்தொகையையும் அரசே கொடுப்பதானால் 92,400 ரூபாய். அந்த 1,000 கோடியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓராண்டு கொடுக்கலாம். இதே திட்டத்தின் வழிகாட்டுதல்கள் ஒரு லட்சம் சோலார் டெக்னீஷியன்களை உருவாக்க வேண்டும் என்கின்றன. நிறுவனம் இப்போது கொடுக்கும் கூலியில் ஒரு பகுதியை உதவித்தொகைக்கு மேல் சேர்த்துக் கொடுத்தால், பாளையங்கோட்டை இளைஞனின் வீட்டிலும் கட்டுப்படியாகும்.

இதை நடைமுறைப்படுத்தப் புதிய சட்டம் வேண்டியதில்லை. கூரை சோலார் பொருத்தும் நிறுவனம் இந்தத் திட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருந்தால்தான் அது பொருத்தும் வீட்டுக்கு மானியம் கிடைக்கும். அந்தப் பதிவின் நிபந்தனைகளில் ஒன்றாக, ஆண்டுக்கு இத்தனை கிலோவாட் பொருத்தினால் ஒரு பழகுநர் என்று சேர்க்கலாம். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் இதைச் சொன்னபோது, காகிதத்தில் மட்டும் பழகுநர்களைக் காட்டிப் பணம் வாங்கிவிடுவார்கள் என்றார். நியாயமான அச்சம்தான். அதனால்தான் பணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்கிறேன். உதவித்தொகை மாதந்தோறும் இளைஞரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகட்டும். அரசின் பங்கு 2023இலிருந்து அப்படித்தான் போகிறது. கற்றுக்கொடுக்கும் மூத்த தொழிலாளிக்கு அவர் பெயரிலேயே ஒரு தொகை வேண்டும். அதில் பாதி மாதந்தோறும், மீதி அந்த இளைஞர் ஆண்டு முடிவில் தொழில்தேர்வில் தேறியதும். தேர்வை வினாத்தாளோடு முடிக்காமல் ஒரு கூரையில் வைக்க வேண்டும். டிசி ஐசொலேட்டரை அணைக்காமல் கனெக்டரைத் தொட்டவர் மறுபடி ஆறு மாதம் கழித்து வரட்டும்.

திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரைக்குமானது. பேனல்களின் காலமோ இருபத்தைந்து ஆண்டு. இந்த யோசனையைப் பதிவு நிபந்தனைக்கான வரைவு வாசகத்தோடு மின்பகிர்மானக் கழகத்துக்கும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். வாசிப்பவர்களில் கூரை சோலார் நிறுவனம் நடத்துபவர்கள் இருந்தால், ஒரு பழகுநரை ஓராண்டு வைத்துக்கொள்ள உங்களுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும், உங்கள் மூத்த ஆட்களுக்கு எவ்வளவு கொடுத்தால் அவர்கள் வேலையை நிறுத்திச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதை எழுதுங்கள். அந்த எண்களைச் சேர்த்து இரண்டாவது மனு எழுத வேண்டும்.